செத்ததென்று தூக்கிப் போடாதீர்கள்!

நாய், பூனை, கிளி வளர்ப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் வளர்வது நண்டு. குழம்புக்கு இல்லீங்க! சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு. தங்கை கணவருக்கு டில்லிக்கு மாற்றலானதும், அவள் வண்ண மீன் கடையில் வாங்கி வளர்த்த 3 நண்டுகளும் கண்ணாடித் தொட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தன.

"தொட்டின்னு சொன்னே, தண்ணியையே காணோமே!" என்றார் மாமியார். இந்த ஜாதி நண்டு தரையில் வாழ்வது. தண்ணீரிலேயே போட்டு வைத்தால் மூச்சு முட்டிச் செத்து விடும். ஆனால் செவுள் காயவும் கூடாது. அதனால் தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, உள்ளே ஈரக்காற்று இருக்கும்படி பார்த்துக் கொள்கிறேன். சென்னைப் புழுக்கத்தை நாம்தான் திட்டுகிறோம், இதுகளுக்கு அதுதான் சொர்க்கம். ஏ.சி. அறையில் வைக்கக் கூடாது.

உள்ளே 2 கிண்ணம். ஒன்றில் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். சமையல் உப்பு ஆகாது. கடல் மீன் தொட்டிக்கென்று கடையில் தனி உப்பு விற்கிறது. ஏறி வர ஒரு கூழாங்கல்லும் போட வேண்டும். சாப்பாடு பிரமாதமில்லை. உப்பு, காரம் சேர்க்காத தேங்காய்ச் சில்லு, கேரட், அவித்த முட்டை, கொஞ்சம் முட்டை ஓட்டுத் தூள். பகலில் தூங்குமூஞ்சிகள். ராத்திரி விளக்கணைத்தால்தான் சங்கு கண்ணாடியில் இடிக்கும் 'டக் டக்' கேட்கும்.

முக்கியம் மணல்தான். ஆற்று மணலில் தென்னை நார்த்தூள் கலந்து, புட்டு மாவுப் பதத்துக்கு ஈரமாக்கி, பெரிய நண்டின் உயரத்தைப் போல் 3 மடங்கு ஆழத்துக்காவது நிரப்ப வேண்டும். ஏன் என்கிறீர்களா?

போன வருடம் ஆடி மாதம் பெரிய நண்டு 2 நாள் சோர்ந்து கிடந்தது. அடிக்கடி தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனது. பிறகு மணலைத் தோண்டி உள்ளே போனதுதான், ஆளைக் காணோம். 3 வாரம் ஆயிற்று. "செத்துப் போச்சு, தொட்டியைக் கழுவி வை" என்றார் என் கணவர். மாமியாருக்கோ, பிணத்தை வைத்துக்கொண்டு எப்படி விளக்கேற்றுவது என்று கவலை. பெரியவர்கள் பேச்சைத் தட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இதில் மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை.

பிள்ளை வளர்ந்தால் சட்டை பத்தாமல் போகிறதல்லவா? நண்டுக்கு மேல் தோடு அப்படித்தான். பழைய தோட்டைக் கழற்ற மண்ணுக்குள் போகிறது. புதுத்தோடு இறுகும் வரை உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். அப்போது தோண்டினால் செத்துப் போகலாம். மற்ற நண்டு கண்டால் கடித்துத் தின்றும் விடும். கழற்றிய தோட்டையே தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக் கொள்கிறது. அதற்கு வாரங்கள் ஆகும், பெரிய நண்டென்றால் மாதங்களும் ஆகும். நிஜமாகவே செத்திருந்தால் அழுகிய மீன் நாற்றம் வீட்டையே தூக்கிவிடும். நான் தினமும் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். ஈர மண் வாசனைதான் வரும். "அத்தை, நாறலையே" என்பேன். முகத்தைத் திருப்பிக் கொள்வார்.

புரட்டாசியில் ஒரு ராத்திரி 'டக்' சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பளபளவென்று புதுசாக நிற்கிறது! தங்கை வீட்டிலேயே ஒடிந்து போயிருந்த ஒரு கால், சின்னதாக மறுபடி முளைத்திருந்தது. மாமியார் ஒன்றும் பேசவில்லை. அடுக்களைக்குப் போய் தேங்காய்ச் சில்லு ஒன்று கொண்டு வந்து போட்டார்.

தோடு மாற்றியதும் வீடும் மாற்றும். வால்பக்கம் தோடில்லாத மெத்தென்ற உடம்பு, அதை மூடத்தான் சங்கு. சங்கைத் தானே உண்டாக்க அதற்குத் தெரியாது. நத்தை விட்டுப் போனதைத்தான் எடுத்துக் கொள்ளும். ஆகவே வேறு வேறு அளவில் காலிச் சங்குகள் போட்டு வைக்க வேண்டும். பெயின்ட் அடித்த சங்கு வேண்டாம், உரிந்து வயிற்றுக்குள் போகும். (பூஜைச் சங்கைத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதே என்பது மாமியார் உத்தரவு!)

புதிதாக வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. இதன் குஞ்சுகள் கடல் தண்ணீரில்தான் வளரும், வீட்டுத் தொட்டியில் பெருகாது. கடையில் இருப்பவை பெரும்பாலும் கடற்கரையிலிருந்து பிடித்து வந்தவைதான். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மண்ணுக்குள் போனதைத் தோண்டாமல் இருந்தால் போதும். என் மகன் இன்னும் 2 கேட்கிறான். இந்த 3 போதும் என்று சொல்லிவிட்டேன். சரியாகப் பார்த்துக் கொண்டால் 30 வருடம் கூட இருக்குமாம். அவன் கல்யாணத்துக்கும் இருக்கும்!

- ஒரு வாசகி, தாம்பரம்