பட்டாணி சைஸ் வில்லன்!

இரும்புலியூர் ரூம்ல மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டு கொளத்தூர் கடைகளுக்குக் கிளம்பிட்டீங்களா? அங்கே நகம் சைஸ்ல ஒரு குட்டி, கண்ணை உருட்டி உங்களையே பார்க்கும். உடனே கவுந்துடாதீங்க பாஸ்!

அதுதான் 'பட்டாணி பஃபர்'. நம்ம கடலோரப் பேத்தை மீனோட நன்னீர்ச் சொந்தம். பூர்வீகம், கேரளாவின் பம்பை போன்ற ஆறுகள். மூணு சென்டிமீட்டர்தான், ஆனா கப்பியோட வாலைக் கடிச்சுக் குதறிடும். தனித்தொட்டிதான் சேஃப். பாக்கெட் தீனியைப் பெரும்பாலும் சீண்டாது. குட்டி நத்தை, புழு வேணும்.

மீனுக்கு முன்னாடி தொட்டி ரெடியாகணும். துளி தீனி போட்டு, ஃபில்டரை சில வாரம் ஓடவிடுங்க. கழிவிலிருந்து வர்ற அம்மோனியாவை மாத்துற பாக்டீரியா அப்பதான் வளரும். இல்லைன்னா, தண்ணியே விஷம்!

கடைசியா ஒண்ணு. அலங்கார மீன் வியாபாரத்துக்காக ஆத்துல அள்ளினதும் சேர்ந்து, இது இப்போ ஐ.யு.சி.என். பட்டியலில் 'அழிவாய்ப்பு இனம்'. தொட்டியில பிறந்த குஞ்சான்னு கேட்டுட்டு, அப்புறம் பர்ஸைத் திறங்க!