உறுமுகிற நாயை அடக்காதீர்கள்

"ஆறு வருஷமா பிள்ளையாட்டம் வளர்த்தோம் சார். ஒருநாள்கூட பல்லைக் காட்டுனதில்ல. நேத்து திடீர்னு கடிச்சுப்புடுச்சு." கால்நடை மருத்துவர்களுக்கு மிகவும் பழக்கமான புகார் இது. வீட்டார் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ணில் பட்டது அந்தக் கடி மட்டும்தான். அதற்கு முன்பு பல நாட்களாக, சில நேரம் மாதக்கணக்கில், நாய் உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தது அவர்களுக்குப் புரியவில்லை.

பழியை இனத்தின் மேல் போட்டுவிடுவது எளிது. இராமநாதபுரத்துக்கென்றே பெயர் பெற்ற மண்டை நாய், பெரிய தலையும் பலத்த உடம்பும் கொண்ட காவல் நாய். அது கடித்தால் "அதுக்கு ரத்தத்துலயே கோபம்" என்று முடித்துவிடுவோம். 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டும், 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தும் ஒரு முடிவுக்கு வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். பெரிய இனம் என்றால் காயம் ஆழமாகலாம். ஆனால் ஏன் கடித்தது என்பதற்கு இனம் பதில் ஆகாது.

அந்தப் பதிலை முதலில் தேட வேண்டிய இடம் நாயின் உடம்பு. நடத்தைக் கோளாறு என்று நிபுணர்களிடம் அனுப்பப்படும் நாய்களில் குறைந்தது மூன்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது என்று இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் கணித்தார்கள். இடுப்பு மூட்டுத் தேய்வு, காதுக்குள் சீழ், சொத்தைப் பல், உண்ணிக் காய்ச்சலால் வரும் மூட்டுவலி என வலிக்குப் பல முகங்கள். நாய் நொண்டாமலும் முனகாமலும் இருக்கலாம். வழக்கம்போல் பிள்ளை வந்து கட்டிப்பிடிக்கும், வலிக்கிற இடத்தில் கை படும், பல் பதியும். வயதான நாய்க்குக் கண் மங்கி, காது மந்தமாகியிருந்தால், தூங்கும்போது தொட்டதுமே பதறிக் கடிக்கும். குட்டி போட்ட தாய் நெருங்கவிடாது. சில வலிப்பு நோய்களும் தைராய்டு சுரப்புக் குறைவும் குணத்தை மாற்றக்கூடும்.

வலி என்று தோன்றியதும் வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துச் சோற்றில் வைப்பவர்கள் உண்டு. மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றில் ரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். வைத்தியத்தை மருத்துவரிடமே விட்டுவிடுவது நல்லது.

கரையோர ஊர்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் நாய்க்கு மீன் தலையும் முள்ளும் அன்றாடத் தீனி. அதனால் நாய் வாயை மூட முடியாமல், எச்சில் வழிய, விழுங்கத் திணறினால் "தொண்டையில முள்ளு மாட்டிருச்சு" என்றுதான் முதலில் தோன்றும். உடனே வாய்க்குள் கையை விடுவோம். ரேபிஸ் நோயின் ஊமை வகையும் இதே தோற்றத்தில்தான் வரும். வெறிபிடித்து ஓடிக் கடிப்பது அந்நோயின் ஒரு வகை. தாடை தொங்கி, மூலையில் ஒடுங்கி, செயலற்றுக் கிடப்பது இன்னொரு வகை. இரண்டிலும் எச்சிலில் வைரஸ் இருக்கும். கையில் சிறு கீறல் இருந்தாலே அது உள்ளே போகப் போதும். முள்ளாகவே இருந்தாலும் வெறுங்கையை விடாமல் நாயைத் தனியே அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

கடித்தது தடுப்பூசி போட்ட சொந்த நாயே ஆனாலும், குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதையும் அப்பக்கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். ஊசி அங்கே இலவசம். தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி போட்ட காலம் போய் 20 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில் சில தவணைகள்தான். ரத்தம் வரும் காயமென்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். நாயைப் 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அதுவரை ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

நோயில்லை, வலியில்லை என்று மருத்துவர் சொன்னபின் நாயின் சூழலைப் பாருங்கள். அமெரிக்காவின் எட்டு நகரங்களில் 2009 முதல் 2018 வரை பதிவான ஏறத்தாழ 70,000 நாய்க்கடிகளை ஆராய்ந்த ஹார்வர்ட் குழு, வெயில் அதிகமான நாட்களில் கடியும் கூடியதைக் கண்டது. புற ஊதாக்கதிர் மிகுந்த நாட்களில் 11 சதவீதம், வெப்பம் மிகுந்த நாட்களில் 4 சதவீதம் கூடியது. நாய்க்குக் கோபம் வருகிறதா, மனிதர்கள் நாய்களிடம் நெருங்குவது கூடுகிறதா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் இராமநாதபுரத்து மே மாத வெயிலில், தகரக் கொட்டகைக்குள் இரண்டு முழச் சங்கிலியில் கிடக்கும் நாயிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சங்கிலியில் கிடப்பதற்கு விலகி ஓட வழியில்லை. அச்சம் வந்தால் பாய்வது ஒன்றுதான் அதற்கு மிச்சம்.

பொதுவாக நாய் கடைசியில்தான் பல்லை நீட்டும். முதலில் முகத்தைத் திருப்பும், மூக்கை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். அடுத்து எழுந்து விலகும், வாலை ஒடுக்கும். பிறகு உடம்பு விறைக்கும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். அதற்கும் நாம் விலகவில்லை என்றால்தான் உறுமும். உறுமியதற்கு அடி விழுந்தால், உறுமக்கூடாது என்று நாய் கற்றுக்கொள்ளும். அச்சமோ வலியோ அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் காணாமல் போகும். பிறகு வருவதுதான் 'திடீர்' கடி.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட ஆய்வும் அடியும் மிரட்டலும் கடியைத் தடுப்பதில்லை என்றே காட்டுகிறது. நாயை அடித்த, உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதம் பேர், அது பதிலுக்குச் சீறியதாகவோ கடிக்க வந்ததாகவோ சொன்னார்கள். மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31 சதவீதம், முறைத்துப் பார்த்தவர்களில் 30 சதவீதம் பேருக்கும் அதே அனுபவம்.

அப்படியானால் என்ன செய்வது? உறுமினால் நில்லுங்கள், பார்வையைத் திருப்புங்கள், மெல்ல விலகுங்கள். எந்த நேரம், எந்த இடம், யார் அருகில், கடிக்கும் முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசியில் எடுத்த வீடியோ இன்னும் நல்லது. மருத்துவமனை மேசையில் நாய் வேறு ஆளாகிவிடும். தட்டைப் பிடுங்கினால் சீறும் நாயிடம் பிடுங்காமல், கொஞ்சம் தள்ளி அதைவிட ருசியானதைப் போட்டுத் தட்டை எடுங்கள். சின்னப் பிள்ளைகளை நாயோடு தனியே விடாதீர்கள். விருந்தாளி வரும் நாளில் நிழலும் தண்ணீரும் உள்ள தனி இடம் கொடுங்கள். வாய்க்கூண்டு தேவைப்பட்டால், மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வகையைத் தின்பண்டம் காட்டிச் சிறுகச் சிறுகப் பழக்குங்கள்.

மூன்று மாதக் குட்டியில் தொடங்கி ஆண்டுதோறும் மருத்துவர் சொன்னபடி ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிட்டால், பெரிய அச்சம் ஒன்று பெருமளவு குறையும். மற்றவற்றுக்கு நாய் தானே முன்கூட்டிக் குரல் கொடுக்கும். அந்தக் குரலை வீட்டார் அடித்து அடக்காமல் இருந்தால் போதும்.