கருகாமல் ஆவி எடுக்கும் கருவி

தெற்கு ஜெர்மனியில் டுட்லிங்கன் என்று ஒரு சிறு நகரம். அறுவைச் சிகிச்சைக் கத்தி, கத்தரிக்கோல்களுக்குப் பேர்போன ஊர். வால்கேனோ என்ற மேசை வேப்பரைசரும் அங்கேதான் தயாராகிறது. மார்கஸ் ஸ்டோர்ட்ஸ் உருவாக்கினார், யூர்கன் பிக்கல் கூட்டுச் சேர்ந்தார், 2000-இல் சந்தைக்கு வந்தது. காய்ந்த மூலிகையை எரிக்காமல் சூடாக்கி, ஆவியை மட்டும் பிரித்தெடுப்பது இதன் வேலை. மூலிகை என்பது பெரும்பாலும் கஞ்சாப் பூதான். 2017 முதல் ஜெர்மானிய மருத்துவர்கள் அதைச் சீட்டில் எழுதித் தருகிறார்கள், மருந்துக்கடையில் கிடைக்கிறது.

பீடியோ சிகரெட்டோ இழுக்கும்போது கங்கின் சூடு 900 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்தச் சூட்டில் இலை சிதைந்து தார், கார்பன் மோனாக்சைடு, பென்சீன் எல்லாம் உண்டாகின்றன. ஆனால் கஞ்சாவில் வேலை செய்யும் டிஎச்சி ஆவியாவதற்கு 180 முதல் 210 டிகிரி போதும். 230-ஐத் தாண்டினால் இலை கருகத் தொடங்கிவிடும். ஆக, கருவிக்குக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகலானது.

அந்த இடைவெளிக்குள் நிற்கத் தெரியுமா என்பதைத்தான் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டும். விளம்பரங்கள் செயலி, ரிமோட், வண்ண விளக்கு என்று ஆசைகாட்டும். அதெல்லாம் அப்புறம்.

சூடாக்க இரண்டு வழி. சூடான கிண்ணத்தின் சுவர் இலையைத் தொட்டுச் சுடுவது ஒன்று. வாணலியில் மல்லியைப் போட்டுக் கிளறாமல் விட்டது மாதிரி, அடி கருகும், மேலே பச்சையாகவே இருக்கும். சூடான காற்றை இலைக்குள் செலுத்துவது இன்னொன்று. வால்கேனோவின் வழி இதுதான். அடியில் ஒரு காற்றுப் பம்ப், அதற்கு மேல் மின்சாரத்தில் சூடேறும் கனத்த அலுமினியக் கட்டி. கட்டி கனமாக இருப்பதால் காற்று ஓடினாலும் சூடு சட்டென்று இறங்காது. காற்று, பொடித்த இலையின் ஊடே புகுந்து மேலே மாட்டிய பையை உப்பவைக்கிறது. பையைக் கழற்றி வாய்க்குழாயை உதட்டால் அழுத்தினால் வால்வு திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும். கைநடுக்கம் உள்ள நோயாளிக்கும் அவசரமில்லை. சட்டைப்பையில் அடங்கும் பேட்டரிக் கருவிகளில் இந்த நிதானம் கிடைப்பது அரிது.

கனடாவின் அரைசர் எக்ஸ்ட்ரீம் க்யூ போன்ற மேசைக் கருவிகளில் பையும் உண்டு, நேரடியாக இழுக்கும் குழாயும் உண்டு. தனியாக ஒருவர் இழுக்கக் குழாயே போதும் என்பேன். எதுவானாலும் ஆவி போகும் பாதை கண்ணாடியா, உலோகமா, மட்டமான பிளாஸ்டிக்கா என்று பாருங்கள்.

இதனால் நுரையீரல் பிழைத்தது என்று சொல்லிவிட முடியுமா? சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்ராம்ஸ் தலைமையிலான ஆய்வுக் குழு 18 பேரை வைத்துச் சோதித்து, முடிவை 2007-இல் வெளியிட்டது. புகைத்தாலும் வால்கேனோவில் இழுத்தாலும் ரத்தத்தில் டிஎச்சி ஏறக்குறைய ஒன்றுதான். மூச்சில் கார்பன் மோனாக்சைடு மட்டும் வெகுவாகக் குறைந்தது. புகை போகும், போதை போகாது.

இந்தியாவில் வீட்டுக்கு வாங்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. கஞ்சாப் பூவை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் தடுக்கிறது. லாவெண்டர், யூகலிப்டஸுக்கு 130 டிகிரி, தைம், கெமோமைலுக்கு 190 என்று இதே கருவிக்கு அட்டவணை உண்டே, அதற்காவது? 2019-இன் மின்சிகரெட் தடைச் சட்டம், பொருளைச் சூடாக்கி இழுப்பதற்கு ஆவி எழுப்பும் மின்கருவி என்று பொதுவாகத்தான் சொல்கிறது. நிகோடின் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஜெர்மனியில் வாங்குகிறவர் உதிரிப் பாகங்களின் விலையையும் கேட்டுக்கொள்வது நல்லது. பை தேயும் பொருள், அவ்வப்போது மாற்ற வேண்டும். கிண்ணத்தின் சல்லடையில் பிசின் படிந்து அடைத்துக்கொள்ளும், ஆல்கஹாலில் ஊறவைத்துத் துலக்க வேண்டும். வேலை முடிந்த கிண்ணத்தில் சாம்பல் இருக்காது, பழுப்பேறிய தூள்தான் இருக்கும். அதில் கருந்திட்டு தெரிந்தால் சூட்டைக் குறைக்க வேண்டும்.