சாப்பிட்டது ஒன்று, வரைந்தது வேறு!

பிரான்சின் தென்மேற்கில் வெசேர் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் லே எஸீ என்ற சின்ன ஊர். ஊருக்குப் பின்னால் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. பாறையின் மேல்பகுதி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பதால், சில வீடுகளுக்கு அதுவே பாதிக் கூரை! 1868இல் இங்கே பாதை போடத் தோண்டியபோதுதான் பனியுக மனிதர்களின் எலும்புகள் கிடைத்தன. குரோ-மேன்யன் மனிதர் என்று படித்திருப்பீர்களே, அவர்கள்தான்.

இந்தப் பக்கம் தனியாகச் சுற்றினால் பாதி விஷயம் கண்ணில் படாது. அதனால் உள்ளூர் வழிகாட்டி அக்கா ஒருவர் நம்மோடு வருவதாக வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எங்கே கூட்டிப்போவார்? குகைக்கு இல்லை, சந்தைக்கு! வால்நட், அதிலிருந்து பிழிந்த எண்ணெய், வாத்துக் கறி. குளிர்காலம் என்றால் ட்ரஃபிள் என்ற கறுப்புக் காளானும் உண்டு. விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ட்ரஃபிள் மண்ணுக்குள்ளேயே, ஓக் மரத்தின் வேரோடு கூட்டுச் சேர்ந்து வளரும். மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது மரத்துக்குத் தண்ணீரும் தாது உப்புகளும் தேடிக் கொடுக்கும். மற்றக் காளான்கள் தம் வித்துகளைக் காற்றில் பறக்கவிடும். மண்ணுக்குள் கிடக்கும் ட்ரஃபிள் என்ன செய்யும்? பலமாக மணம் வீசும். மோப்பம் பிடித்து வரும் விலங்கு தோண்டித் தின்று, வேறெங்கோ போய்ச் சாணம் போடும். வித்துகள் பயணம் போன கதை அதுதான். முன்பு இதைக் கண்டுபிடிக்கப் பன்றிகளைக் கூட்டிப்போனார்கள். பன்றி கண்டுபிடித்ததும் தானே தின்றுவிடப் பார்க்கும். இப்போது பெரும்பாலும் நாய்கள்தான்.

சரி, பனியுகத்தில் இந்தச் சந்தை கிடையாது. அப்போது இங்கே கடுங்குளிர். இன்று ஓக் காடுகள் இருக்கும் இடமெல்லாம் அன்று பெரும்பாலும் புல்வெளி. அதில் பனிமான் கூட்டங்கள் மேய்ந்தன. ஆமாம், இன்று வடதுருவத்தை ஒட்டி வாழும் அதே ரெயின்டீர்தான். அன்றைய மக்கள் பாறையின் கீழ் தங்கி, தின்றுவிட்டு எலும்பை அங்கேயே போட்டார்கள். அந்தக் குப்பைதான் விஞ்ஞானிகளுக்குப் புதையல். வெட்டிய கீறல் இருந்தால், கல் கத்தியால் இறைச்சியை அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். நீள எலும்பு உடைந்து கிடந்தால், உள்ளே இருந்த மஜ்ஜைக்காக உடைத்திருக்கிறார்கள். நல்லி எலும்பின் ருசி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது! குட்டியின் பல்லைப் பார்த்தால் வேட்டையாடிய பருவம்கூடத் தெரியும். பனிமான் குட்டிகள் வசந்த காலத்தை ஒட்டித்தான் பிறக்கும். எந்தப் பல் முளைத்திருக்கிறது என்பதை வைத்து, அது எத்தனை மாதக் குட்டி என்று சொல்லிவிடலாம். பிறந்த காலத்திலிருந்து அந்த மாதங்களை எண்ணினால் விடை வந்துவிடும்.

இதே ஆற்றின் பள்ளத்தாக்கில்தான் லாஸ்கோ குகை இருக்கிறது. 1940இல் நான்கு சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள். சுவரெங்கும் குதிரைகள், காட்டு மாடுகள், மான்கள். எல்லாம் ஏறக்குறைய 17,000 ஆண்டுப் பழமை. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால் 1963இல் மூடிவிட்டார்கள். நாம் பார்க்க முடிவது பக்கத்தில் கட்டிய நகல் குகையைத்தான்.

லாஸ்கோ குகையின் உள்ளே கிடைத்த எலும்புகளை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது, பனிமான். சுவரில் எத்தனை பனிமான்? நூற்றுக்கணக்கான விலங்குகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று! அதிகமாக வரைந்திருப்பது குதிரையை.

வேட்டை நன்றாக நடக்க வேண்டும் என்ற வேண்டுதலாகத்தான் வரைந்தார்கள் என்று முன்பு பலர் சொன்னார்கள். அப்படியென்றால் பனிமான் அல்லவா சுவர் முழுக்க நிற்க வேண்டும்? எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். அழகான ஒரு விளக்கத்தைக் குப்பையில் கிடந்த எலும்பு தடுமாற வைத்துவிட்டது பாருங்கள். குதிரை அவர்களுடைய கதைகளில் வந்ததா, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு விலங்கு அடையாளமாக இருந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

உடனே “பனிமானை யாருமே வரையவில்லை” என்று எழுதி வைத்துவிடாதீர்கள். லே எஸீக்குப் பக்கத்திலேயே ஃபோன் தெ கோம் குகை இருக்கிறது. அதன் ஓவியங்களை 1901இல் கண்டறிந்தவர் தெனி பெய்ரோனி என்ற பள்ளி ஆசிரியர். அங்கே இரண்டு பனிமான்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று மண்டியிட்டிருக்கிறது. மற்றது குனிந்து அதன் நெற்றியை நக்குகிறது.

வண்ணம் மங்கிவிட்டதால் முதலில் வெறும் பாறைதான் தெரியும். வழிகாட்டி அக்கா விளக்கைச் சாய்த்து, சுவரை ஒட்டினாற்போல் பிடிப்பார். கல்லால் கீறிய கோடுகள் மெல்ல எழும்பி வரும். நீட்டிய நாக்குகூடத் தெரியும். நேராக அடிக்கும் வெளிச்சம் கீறலின் உள்ளேயும் விழுந்து நிழலை அழித்துவிடும். பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில், கீறலின் ஒரு கரை மறு கரையை மறைப்பதால் நிழல் விழும். கோடு பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

வீட்டில் தேய்ந்த பழைய நாணயம் இருந்தால் இன்று இரவே செய்து பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு நாணயத்தை மேசைமேல் வையுங்கள். டார்ச்சை முதலில் மேலிருந்து நேராக அடியுங்கள். அப்புறம் மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து அடியுங்கள். எதில் ஆண்டு எண்ணைப் படிக்க முடிகிறது?