காலையில் ‘குற்றவாளி’, மதியம் தூக்கு... அந்த இடைவெளி ஏன் முக்கியம்? மரண தண்டனை வழக்குகளில் உச்ச நீதிமன்றம் மாற்றியது என்ன?

காலையில் ‘குற்றவாளி’ என்று தீர்ப்பு. மதியம் ‘தூக்கு’ என்று பிரேக்கிங் நியூஸ். பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே செய்தி மாதிரிதான் தெரியும். ஆனால் சட்டத்தில் இவை இரண்டு தனித்தனி விஷயங்கள். பல தூக்கு தண்டனைகள் பின்னாளில் உடைந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டியது நடக்காமல் போனதால்தான்.

சட்டம் என்ன சொல்லுது?

கொலைக்கு ஆயுள் தண்டனைதான் வழக்கம். தூக்கு கொடுத்தால் நீதிபதி ‘சிறப்புக் காரணம்’ எழுதணும். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்த இந்த விதி, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அப்படியே தொடர்கிறது. குற்றம் உறுதியான பிறகு, தண்டனை பற்றி மட்டும் தனியாக அந்த நபரின் தரப்பைக் கேட்கணும் என்பதும் சட்டம்தான்.

1980-ல் வந்த பச்சன் சிங் வழக்குத் தீர்ப்புதான் அடித்தளம். ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்று நாம அடிக்கடி கேட்கிற வார்த்தை அங்கிருந்து வந்தது. ஆனால் அதே தீர்ப்பின் இன்னொரு பாதியை யாரும் பெரிசா பேசுவதில்லை. குற்றம் எவ்வளவு கொடூரம் என்று மட்டும் பார்த்தால் போதாது, குற்றம் செய்தவரையும் பார்க்கணும். அவர் திருந்தவே மாட்டார் என்பதைக் காட்ட வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு.

அப்போ நடைமுறையில் என்ன பிரச்சினை?

குற்றம் சாட்டப்பட்டவர் பெரும்பாலும் ஏழை. வாதாடுபவர் பல நேரம் இலவச சட்ட உதவி வழக்கறிஞர். தண்டனை பற்றிய வாதம் என்றால், “வயசு கம்மி, வயசான அம்மா இருக்காங்க, கருணை காட்டணும்” என்று நாலு வரியில் முடிந்துவிடும். அவர் எப்படி வளர்ந்தார், மனநோய் இருந்ததா, சிறையில் எப்படி இருக்கிறார் என்றெல்லாம் விசாரிக்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை.

இதை மாற்றியது 2022 மே மாதம் வந்த மனோஜ் வழக்குத் தீர்ப்பு. மத்தியப் பிரதேசம் இந்தூரில் மூன்று பெண்கள் கொல்லப்பட்ட வழக்கு அது. மனநல மதிப்பீட்டை விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே அரசு தாக்கல் செய்யணும். குடும்பச் சூழல், படிப்பு, வருமானம், முந்தைய வழக்குகள் பற்றிய விவரங்களைத் திரட்டணும். சிறை நடத்தை அறிக்கையையும் வாங்கணும் என்று அதில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதாவது, ஒருவரின் வாழ்க்கையே ஆதாரமாக நீதிமன்றத்துக்கு வரணும்.

கடலூர் வழக்கில் என்ன ஆச்சு?

2009-ல் கடலூர் மாவட்டத்தில் 7 வயது சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்து, மறுஆய்வு மனுவையும் தள்ளுபடி செய்தது. முடிஞ்சுது என்றுதான் எல்லோரும் நினைச்சிருப்பாங்க.

ஆனால் அப்போது மறுஆய்வு மனுக்களை நீதிபதிகள் தங்கள் அறையில் வைத்தே முடித்துவிடுவார்கள், வழக்கறிஞர் பேச முடியாது. தூக்கு வழக்குகளில் மட்டும் மறுஆய்வைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்கணும் என்று 2014-ல் ஒரு அரசியல் சாசன அமர்வு சொன்னது. அந்தக் கதவு வழியாகத்தான் இந்த வழக்கு திரும்ப வந்தது.

2023 மார்ச்சில் தீர்ப்பு. அவர்தான் குற்றவாளி என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் தண்டனையைக் குறைக்கக்கூடிய சூழல்களை எந்த நீதிமன்றமும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லி, 20 ஆண்டுகள் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். சிறை நடத்தை பற்றிய தகவலை மறைத்ததாகக் காவல்துறை அதிகாரிக்கு அவமதிப்பு நோட்டீஸும் போனது. கொல்லப்பட்டது ‘ஒரே ஆண் பிள்ளை’ என்று முந்தைய தீர்ப்பு அழுத்திச் சொன்னதையும் ஏற்கவில்லை. பையனோ பொண்ணோ, கொலை கொலைதானே!

பழைய வழக்குகளுக்கும் பொருந்துமா?

2025 ஆகஸ்டில் இதற்குப் பதில் வந்தது. நாக்பூர் சிறுமி கொலை வழக்கு அது. மேல்முறையீடு, மறுஆய்வு, கருணை மனு என எல்லாம் முடிந்த பிறகும், மனோஜ் வழக்கின் விதிகள் பின்பற்றப்படவில்லை என்றால் தண்டனையை மட்டும் மறுபடி விசாரிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். தெளிவான மீறல் இருந்தால் மட்டும்தான். முடிந்த வழக்கு எல்லாவற்றுக்கும் கிடையாது.

அடுத்த சில வாரங்களில், 2025 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு. சென்னை போரூர் அருகே 2017-ல் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், தூக்கு விதிக்கப்பட்டவர் விடுதலையானார். ஆதாரச் சங்கிலி நிரூபணமாகவில்லை என்பதுதான் முதன்மைக் காரணம். ஆனால் குற்றச்சாட்டு பதிவான பிறகுதான் அவருக்கு வழக்கறிஞரே தரப்பட்டார், தயாராக நாலே நாள்தான் கிடைத்தது, தீர்ப்பு நாளிலேயே தூக்கும் விதிக்கப்பட்டது என்பதையும் நீதிபதிகள் குறையாகச் சொன்னார்கள். அவசரமாக நடத்திய விசாரணையால் கடைசியில் அந்தச் சிறுமியின் குடும்பத்துக்கும் பதில் கிடைக்கவில்லை.

ஒரே நாளில் தண்டனை தந்தால் செல்லாதா?

அப்படி நேரடியாகச் சொல்ல முடியாது. ஒரே நாளில் விதித்தாலும் போதும் என்று சில தீர்ப்புகள், தனி நாள் வேண்டும் என்று சில தீர்ப்புகள். இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் 2022 செப்டம்பரில் விவகாரத்தை 5 நீதிபதிகள் அமர்வுக்கு உச்ச நீதிமன்றம் அனுப்பியது.

அடுத்த முறை தூக்கு தண்டனைச் செய்தி வந்தால் இரண்டு தேதிகளைப் பாருங்க: குற்றவாளி என்று சொன்ன நாள், தண்டனை சொன்ன நாள். மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடப்போவதும் அதைத்தான்.