'லீவு மன்னன்' முழங்காலுக்குள்ளே...

தஞ்சாவூரில் என்னோடு கணக்கு எழுதும் நண்பருக்கு ஆபீஸில் 'லீவு மன்னன்' என்று பட்டம். கொடுத்தவன் அடியேன்தான்! மார்ச் மாசம் கணக்கு முடிக்கிற நேரம் பார்த்து, "முட்டி வீங்கிடுச்சு ஸார்" என்று போன் வரும்.

ஒருநாள் டவுன் பஸ்ஸில் சடன் பிரேக். இரண்டு பேருக்கும் கம்பியில் முட்டி இடித்தது. நான் தடவிக்கொண்டு இறங்கிவிட்டேன். அவருக்கோ சாயந்தரத்துக்குள் தேங்காய் சைஸுக்கு வீக்கம்! ஆட்டோ பிடித்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அப்போதுதான் சொன்னார்... "எனக்கு ஹீமோஃபீலியா ஸார். பொறவியிலேயே."

"ஆபீஸ்ல சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேலை போயிடுமோன்னு பயம். சொல்லலேன்னா பேர் போகுது!"

சுருக்கென்றது.

மடை உடைந்தால் பத்துப் பேர் வரிசையாக நின்று மண்கூடையைக் கைமாற்றுவார்கள் இல்லையா? எட்டாவது ஆள் வரவில்லையென்றால்? ரத்தம் உறைவதும் அப்படித்தான். எட்டாம் நம்பர் 'ஃபாக்டர்' குறைந்தால் ஹீமோஃபீலியா 'ஏ'. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வரும். சின்னக் கீறலில் உயிர் போகும் என்பதெல்லாம் கதை. நிஜத் தொல்லை, மூட்டுக்குள் ரத்தம் கசிவது. அடிக்கடி கசிந்தால் மூட்டே பாழ். குறைகிற ஃபாக்டரை உடனே நரம்பில் ஏற்றினால் சீக்கிரம் அடங்கும். தள்ளிப்போட்டால் படுக்கைதான். தலைவலிக்கு ஆஸ்பிரின் போடுவதுகூட ஆபத்து!

2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபீலியா, தலசீமியா, சிக்கிள் செல் மூன்றையும் பட்டியலில் சேர்த்தது. ஆனால், அரசு வேலைக்கான 4 சதவிகித ஒதுக்கீட்டில் இவற்றுக்கு இடமில்லை. பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு இலை போடாத கதை!

நம்பிக்கையும் உண்டு. இந்த நோயோடே பிசினஸ் செய்த கனடாக்காரர் ஃப்ராங்க் ஷ்னாபெல், 1963-ல் உலக ஹீமோஃபீலியா கூட்டமைப்பைத் தொடங்கினார். அவர் பிறந்த ஏப்ரல் 17-தான் உலக ஹீமோஃபீலியா தினம். நம்ம வேலூர் சி.எம்.சி.யில் ஐந்து பேருக்கு ஜீன் சிகிச்சை கொடுத்து, ரத்தக் கசிவு நின்றுபோனதாக 2024-ல் அறிவித்தார்கள்.

எங்கள் ஆபீஸில் என்ன நடந்தது? நண்பர் துணிந்து மானேஜரிடம் சொன்னார். வேலை போகவில்லை. மாடியிலிருந்த மேஜை கீழே வந்தது. அவ்வளவுதான், பைசா செலவில்லை!

இந்த மார்ச்சில் முதலில் கணக்கு முடித்தவர் அவர்தான். ஜலதோஷம் என்று ரெண்டு நாள் லீவு போட்டவர்?

ஹி... ஹி... அடியேன்! பட்டம் இப்போது என்னிடம்.