நகராத விரல் ஏன் களைக்கிறது?

கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையில் தடித்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் நகரவில்லை. விசையையும், விசையின் திசையில் ஏற்படும் இடப்பெயர்ச்சியையும் பெருக்கினால் வருவதே வேலை என்று இயற்பியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். இங்கே இடப்பெயர்ச்சி சுழி. ஆகவே நீங்கள் புத்தகத்தின்மீது செய்த வேலையும் சுழி. ஆனால் சில நிமிடங்களில் தோள் கெஞ்சத் தொடங்கிவிடும். வேலையே செய்யாத கைக்குக் களைப்பு எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி இது. ஆண்டுதோறும் வகுப்பில் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்காத ஆண்டில் நானே கேட்டுவிடுவேன். இதற்கான விடையை ஒரு விரலை வைத்துப் பார்ப்போம். நாள் முழுவதும் ஒரு சிறு நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய கட்டைவிரல் அது.

ஏ.டி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் நான்கு சக்கர வண்டியைப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். காற்றழுத்தம் குறைந்த தடித்த சக்கரங்கள், மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோன்ற இருக்கை, அகன்ற கைப்பிடி. சேறு, மணல், புல்வெளி, கரடுமுரடான மலைச்சரிவு எதிலும் ஊர்ந்து போகும். ஹோண்டா நிறுவனம் 1970-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. அது எளிதில் கவிழ்ந்தது. 1980-களில் நான்கு சக்கர வண்டிகள் வந்தன. 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. இன்று நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளின் ஆட்டுப் பண்ணைகளிலும் மாட்டுப் பண்ணைகளிலும் முன்பு குதிரை செய்த வேலையில் பெரும்பகுதியை இந்த வண்டி செய்கிறது. பண்ணையாள் காலையில் ஏறினால், வேலி பார்த்து, மந்தையை ஓட்டி, தண்ணீர்த் தொட்டிகளைச் சரிபார்த்துத் திரும்பப் பல மணி நேரம் ஆகும். இறங்கும்போது அவர் முதலில் நீவிவிடுவது முதுகையல்ல, வலக்கைக் கட்டைவிரலை!

காரணம் அந்த வண்டியின் முடுக்கி. ஆக்ஸிலேட்டர் என்று நாம் வழக்கில் சொல்வது அதைத்தான். மோட்டார் சைக்கிளில் கைப்பிடியையே முறுக்கி வேகத்தைக் கூட்டுகிறோம். ஏ.டி.வி.யில் அப்படியில்லை. வலக் கைப்பிடியின் உட்புறத்தில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். நான்கு விரல்கள் கைப்பிடியைப் பற்றியிருக்க, கட்டைவிரல் மட்டும் அந்த நெம்புகோலை முன்னோக்கித் தள்ள வேண்டும். மறுமுனையில் ஒரு சுருள்வில் அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரே வேகத்தில் போனாலும் விரல் ஓயக் கூடாது. ஓய்ந்தால் வண்டி ஓய்ந்துவிடும்.

தசைக்குள் நடப்பது என்ன?

மேசைமீது வைத்த புத்தகத்தை மேசை நாள் முழுவதும் தாங்கும். அதற்குத் தீனி வேண்டாம். தசை மேசையைப் போன்றதன்று. தசை இழைக்குள் மயோசின், ஆக்டின் என்னும் இருவகைப் புரத நூல்கள் ஒன்றினூடே ஒன்று செருகியிருக்கின்றன. மயோசினிலிருந்து நீண்டிருக்கும் நுண்ணிய தலைகள் ஆக்டினைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடியும் பற்றுகின்றன. ஒவ்வொரு முறை விட்டுப் பற்றுவதற்கும் ஏ.டி.பி. என்னும் வேதிப்பொருள் ஒரு மூலக்கூறு செலவாகிறது. நரம்பிலிருந்து நொடிக்குப் பல முறை கட்டளை வந்தால்தான் இந்த இழுப்பு நீடிக்கும். கயிறிழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமபலமாக இருந்தால் கயிறு நகராது. ஆனால் இழுப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும் அல்லவா? அதேபோல வெளியே இடப்பெயர்ச்சி இல்லை. உள்ளே கோடிக்கணக்கான சிறு இழுப்புகள் ஓயாமல் நடக்கின்றன. செலவான ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது.

இதோடு இன்னொரு துன்பமும் உண்டு. நடக்கும்போது கால் தசை சுருங்கித் தளர்ந்து, சுருங்கித் தளர்ந்து, இரத்தத்தைப் பிழிந்து தள்ளும் பம்புபோல் வேலை செய்கிறது. அசையாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் தசையோ, தன்னுள் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்களைத் தானே நெருக்கிவிடுகிறது. ஆக்சிஜன் வரத்துக் குறைகிறது, கழிவும் வெளியேறுவதில்லை. லாக்டிக் அமிலமே களைப்புக்குக் காரணம் என்று பழைய புத்தகங்களில் காண்பீர்கள். அதைவிட, ஏ.டி.பி. சிதைவதால் தேங்கும் பாஸ்பேட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று இன்று அறிகிறோம்.

ஒரு தசை அசையாமல் எவ்வளவு நேரம் தாங்கும்? ஜெர்மனியில் ரோமெர்ட் என்பவர் இதை அளந்து 1960-இல் ஒரு வளைகோடு வெளியிட்டார். தன் முழு பலத்தில் பாதியைச் செலுத்தும் தசை ஏறத்தாழ ஒரு நிமிடமே தாங்கும். பலத்தில் 15 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நெடுநேரம் தாங்கும் என்றார் அவர். பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் இந்த எல்லையைக் கீழே இறக்கிவிட்டார்கள். மணிக்கணக்கில் நீடித்தால் 10 விழுக்காடுகூடத் தசையைக் களைக்கச் செய்யும். நம் பண்ணையாளின் விரல் சிக்கிக்கொண்டிருப்பது சரியாக இந்த இடத்தில்தான். அழுத்தும் விசை சிறியது, நேரமோ நீண்டது.

சிறிய விசை என்றேன். விரல் நுனியில்தான் அது சிறியது. கட்டைவிரல் ஒரு நெம்புகோல். அதை இயக்கும் தசைநார்கள் மூட்டுகளுக்கு மிக அருகே ஒட்டியிருக்கின்றன. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்துத் தள்ளிப் பாருங்கள், எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று தெரியும். தசைநாரின் நிலையும் அதுவே. அமெரிக்க ஆய்வாளர்கள் கூனி, சாவ் இருவரும் 1977-இல் இதைக் கணக்கிட்டார்கள். விரல் நுனியால் 1 கிலோ எடையளவு அழுத்தினால், நுனி மூட்டில் 3 கிலோவும், நடு மூட்டில் 5.4 கிலோவும், மணிக்கட்டை ஒட்டிய அடி மூட்டில் 12 கிலோவும் அமுக்கம் விழுகிறதாம். நாள் முடிவில் வலி நுனியில் தோன்றாமல் கட்டைவிரலின் அடிமேட்டில் தோன்றுவது ஏன் என்று இப்போது விளங்கும்.

வில்லை எடுத்துவிட்டால் என்ன?

இவ்வளவு தொல்லை தரும் வில்லைத் தளர்த்திவிடலாமே, அல்லது நெம்புகோலை ஒரு கொக்கியால் மாட்டிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்து பார்ப்பவர்களும் உண்டு. இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். மேட்டில் மோதி வண்டி திடீரென முன்னே பாய்கிறது என்று கொள்வோம். நிலைமத்தின் காரணமாக ஓட்டுநரின் உடல் பின்னே தங்கிவிடும், கைகள் நீளும், மணிக்கட்டு கீழே தாழும். முறுக்குக் கைப்பிடியாக இருந்தால் மணிக்கட்டு தாழும்போது அது மேலும் திறந்து, வண்டி இன்னும் வேகமாகப் பாயும். கட்டைவிரல் நெம்புகோலாக இருந்தால் விரல் விலகும், வில் முடுக்கியை மூடும், வண்டி தணியும். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டாலும் அப்படியே. (உடல் முன்னே சாய்ந்தால் விரல் தன்னையறியாமல் அழுத்திவிடக்கூடும் என்பது இந்த அமைப்பின் குறைதான்.)

ஆஸ்திரேலியப் பண்ணைகளில் உயிர்களைப் பறிக்கும் காரணங்களில் இந்த வண்டிகள் முன்வரிசையில் நிற்கின்றன. 2021 அக்டோபர் முதல் அங்கே விற்கப்படும் புதிய பண்ணை வண்டிகளில், கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் வளைவுச் சட்டம் கட்டாயம் ஆக்கப்பட்டது. 16 வயது நிரம்பாதவர்கள் பெரியவர்களுக்கான வண்டியை ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கை வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அது உங்களுக்குச் சொன்னது! இப்படிப்பட்ட வண்டியில் விரலை வருத்தும் அந்த வில்தான் உயிர்க்காவலும். ஆகவே வில்லைத் தொடாமல் விரலுக்கு இதம் தேட வேண்டும். அது முடியும்.

முதலில் நெம்புகோலின் கணக்கு. சுழல்முனையிலிருந்து 2.5 செ.மீ. தொலைவில் கம்பி இணைந்திருக்கிறது, கம்பியின் இழுவிசை 20 நியூட்டன் என்று கொள்வோம். (எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, வண்டிக்கு வண்டி மாறும்.) விரல் 5 செ.மீ. தொலைவில் அழுத்தினால் 10 நியூட்டன் போதும். விரல் உள்ளே நழுவி 3 செ.மீ. தொலைவில் அழுத்தினால் ஏறக்குறைய 17 நியூட்டன் தேவை. விரலை நெம்புகோலின் நுனிக்கு நகர்த்துவது காசு செலவில்லாத மருந்து! நெம்புகோலையே நீட்டும் தகடுகளும் விற்கின்றன. ஆனால் விசை குறைந்த அளவுக்கு விரல் நகர வேண்டிய தூரம் கூடும். விசையும் தூரமும் பெருக்கி வரும் வேலை மாறாது. குட்டையான விரல் உள்ளவருக்கு நீண்ட நெம்புகோல் எட்டாமலே போய்விடும்.

அடுத்தது கம்பி. நெம்புகோலிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கம்பி, உங்கள் சைக்கிளின் பிரேக் கம்பியைப் போலவே ஓர் உறைக்குள் வளைந்து வளைந்து செல்கிறது. வளைவில் உராயும் கம்பிக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை ஒரு சூத்திரம் தந்தார். உராய்வுக் கெழுவையும், மொத்த வளைவுக் கோணத்தையும் பெருக்கி, அதை e-யின் அடுக்காக வைத்தால் இழுவிசை எத்தனை மடங்காகும் என்பது கிடைக்கும். மொத்த வளைவு 180 பாகை, உராய்வுக் கெழு 0.1 என்றால் 1.37 மடங்கு, 20 நியூட்டனுக்குப் பதில் 27. துருவும் சேறும் ஏறி உராய்வுக் கெழு 0.3 ஆகிவிட்டால் 2.57 மடங்கு, அதாவது 51 நியூட்டன்! உராய்வுக் கெழு மும்மடங்கு ஆனதால் உராய்வுக்காக நாம் கூடுதலாகச் செலுத்தும் விசை 7-லிருந்து 31 ஆகிவிட்டது. அடுக்குச் சார்பின் குணம் அப்படி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்ப்பது. தள்ளும்போது விரலுக்கு எதிரி. தள்ளிய நிலையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதே உராய்வு வில்லைத் தடுத்து விரலுக்கு உதவுகிறது. துருப்பிடித்த கம்பியில் விரல் பக்கம் திரும்பி வரும் விசை 20 நியூட்டனில் 8-க்கும் குறைவு. 'அட, பிடித்துக்கொள்வது இலேசாக இருக்கிறதே' என்று ஓட்டுநர் மகிழக்கூடும். ஆனால் விரலை எடுத்ததும் நெம்புகோல் திரும்பாமல் சிக்கிக்கொள்வது இந்த வண்டியில்தான். எண்ணெயிட்ட கம்பி, இறுக்கமாக மடங்காத வளைவு, இரண்டும் விரலையும் காக்கும், உயிரையும் காக்கும்.

நெம்புகோல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு பென்சிலைக் கைக்குள் இறுக்கிப் பிடியுங்கள். இப்போது மணிக்கட்டை உட்புறமாக முழுவதும் மடக்கி, நண்பரைப் பென்சிலை உருவச் சொல்லுங்கள். எளிதாக உருவிவிடுவார். மணிக்கட்டு மடங்கும்போது விரல்களை மடக்கும் தசைகள் அளவுக்கு மீறிக் குறுகி, புரத நூல்கள் இழுப்பதற்கு ஏற்ற நிலையை இழந்துவிடுகின்றன. நெம்புகோலின் பிடிப்பைச் சற்றுத் தளர்த்திக் கைப்பிடியைச் சுற்றித் திருப்பி, மணிக்கட்டு நேராக இருக்கும்படி பொருத்தினால், அதே 10 நியூட்டன் தசையின் பலத்தில் சிறிய பங்காகிவிடும். ரோமெர்ட்டின் வளைகோட்டில் அது பல நிமிட வேறுபாடு.

அதிர்வு செய்யும் சூழ்ச்சி

களைப்பில் பாதிப் பழி அதிர்வைச் சேரும். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால், சமன்படாத பாகங்கள் நொடிக்கு 100 முறை கைப்பிடியை உலுக்கும். இது கையை மரத்துப்போகச் செய்வதோடு நிற்பதில்லை. தசைநாரை ஏறத்தாழ இந்த அதிர்வெண்ணில் அதிரச் செய்தால், தசை நம்மைக் கேளாமலே சுருங்குகிறது என்று ஸ்வீடன் நாட்டு ஹாக்பார்த், எக்லுண்ட் இருவரும் 1966-இல் காட்டினார்கள். ஓட்டுநர் தேவைக்கு மேல் கைப்பிடியை இறுக்குகிறார். இறுக்க இறுக்க அதிர்வு இன்னும் நன்றாகக் கைக்குள் ஏறுகிறது! தடித்த கையுறை இதைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். குளிரைத் தடுப்பது நல்லதுதான். ஆனால் உறை தடிக்கத் தடிக்கப் பிடி பலம் குறையும்.

இதன் முற்றிய நிலையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் காற்றழுத்த உளி பிடித்துச் சுண்ணாம்புக் கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் வெளிறி மரத்துப்போவதை, 1918-இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். இன்று ஐரோப்பிய நாடுகளில் தொழிலாளியின் கைக்கு 8 மணி நேரத்துக்குச் சராசரியாக 5 மீ/செ² முடுக்கத்துக்கு மேல் அதிர்வு போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

பழகிய ஓட்டுநர்கள் கைப்பிடியில் தொங்குவதில்லை. கரடுமுரடான இடத்தில் முழங்காலைச் சற்று மடக்கி எழுந்து நின்று, உடலின் எடையைக் கால்களுக்கு மாற்றுகிறார்கள். தொடைத் தசை பெரியது, அது தாங்கும். சமதரையில் கட்டைவிரல் நுனிக்குப் பதில் விரலின் அடிமேட்டால் நெம்புகோலைச் சிறிது நேரம் தள்ளி, தசைகளை மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்கிறார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை நீண்ட ஓய்வைவிட, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திக் கையை உதறுவது மேல். நெருக்கப்பட்ட குழாய்களில் இரத்தம் பாய்ந்ததும் தொடக்கத்தில் மீட்சி வேகமாக நடக்கிறது. பிறகு வேகம் குறைந்துகொண்டே போகும்.

வண்டி இல்லாமலே இதை நீங்கள் சோதிக்கலாம். வீட்டில் சமையல் தராசு இருந்தால் அதன் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, முள் 1 கிலோவில் நிற்கும்படி எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். நன்றாக ஓய்வெடுத்தபின், நிமிடத்துக்கு ஐந்து நொடி விரலை எடுத்துவிட்டு மறுபடியும் செய்யுங்கள். வலி தோன்றியதும் நிறுத்திவிடுங்கள். இரண்டு நேரங்களையும் குறித்து, உங்கள் வகுப்பு நண்பர்களின் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.